திருத்தும் கை யாருடையது?

மலேசியாவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கப் பெற்றோரின் விருப்பம் மட்டும் போதாது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் பின்னர் கொண்டுவந்த திருத்தம், 2003 ஜனவரி முதல் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. சேர்க்கத் தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்கினால் வீட்டில் கற்பிக்கலாம். அந்த வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலமும் நேரமும் கைவசம் உள்ள நகரத்துக் குடும்பங்கள். உடல்நலக் காரணத்தாலோ கற்றல் குறைபாட்டாலோ பள்ளியில் பிள்ளை ஒட்டாமல் போனதால் வேறு வழியில்லாமல் இதில் இறங்கியவர்களும் உண்டு.

அசாம் ஜாவா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று நீளும் கோல சிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். செம்பனைக்கு நடுவே போகும் சாலை, பக்கத்தில் 2011-இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலை, காலை இருட்டில் பூஞ்சாக் அலாம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆளை ஏற்றிப்போகும் பேருந்துகள். அப்பா ஒரு ஷிஃப்ட், அம்மா ஒரு ஷிஃப்ட். பிள்ளையின் படிப்பு பள்ளியின் பொறுப்பு, மிஞ்சியது டியூஷன் டீச்சரின் பொறுப்பு.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது. பள்ளிகள் மூடின, திறந்தன, மறுபடி மூடின. 2021-இன் பெரும்பகுதியும் அப்படியே கழிந்தது. சட்டம் கதவடைத்து வைத்திருந்த வீட்டுக் கல்வியை நோய் எல்லா வீட்டுக்கும் கொண்டுவந்து இறக்கிவிட்டது. "பிடிபிஆர்" என்று அமைச்சு அதற்குப் பெயரிட்டது, ஜனங்களும் அப்படியே சொன்னார்கள். கைப்பேசி இல்லை, இணையம் இல்லை என்பது பற்றி அப்போதே நிறையப் பேசியாயிற்று. ஏறக்குறைய ஒன்பது லட்சம் மாணவர்களின் பெற்றோரிடம் அமைச்சு எடுத்த ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும் என்பதுதான் தோட்டப்புறத்தின் நிலை.

இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. பாடம் எப்படியோ வந்து சேர்ந்தது, பிள்ளையும் எப்படியோ எழுதியது. எழுதியதைத் திருத்தியது யார்? பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொன்னது யார்? வீட்டுக் கல்வியின் முடிச்சே இங்கேதான் விழுகிறது என்பது என் எண்ணம். கற்பிக்கப் புத்தகம் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. மதிப்பிட எதிரே ஓர் ஆள் வேண்டும்.

அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்தது இதுதான். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பக்க எண்ணைப் போடுவார். பிள்ளை எழுதும். ராத்திரி அப்பா வந்ததும் படம் எடுத்து அனுப்புவார்கள். ஆசிரியரின் கைப்பேசியில் முப்பது பிள்ளைகளின் பக்கங்கள் குவியும். பாதி நிழல் விழுந்த படம், சில தலைகீழ். அவர் படத்தின் மேலேயே விரலால் சிவப்பில் சரியோ தவறோ போட்டு, ஒரு நட்சத்திரத்தையும் ஒட்டித் திருப்பி அனுப்புவார். நடு இரவு வரை இந்த வேலை நடந்தது. ஆசிரியர்களின் பாட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தப் படங்களில் பிழையே இருக்காது! படம் எடுப்பதற்கு முன்பே அம்மாவோ அக்காவோ ரப்பரால் அழித்துச் சரிசெய்துவிடுவார்கள். குழுவில் எல்லாரும் பார்க்கிறார்களே, நம் பிள்ளையின் நோட்டு மட்டும் சிவப்பாகத் திரும்பி வந்தால் என்ன ஆகும்? வெட்கம்தான் காரணம், ஏமாற்றும் எண்ணம் கிடையாது. விளைவு என்னவோ ஒன்றுதான்: ஆசிரியர் திருத்தியது பிள்ளையின் வேலையை அல்ல, அம்மா திருத்திய வேலையை. பள்ளி திறந்து பிள்ளைகள் நேரில் வந்து உட்கார்ந்தபோதுதான் யாருக்கு எது தெரியும் என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

அம்மாவுக்கு இந்த அவசரம் ஏன் வந்தது என்று விளங்க, தோட்டத்தில் சிவப்புப் பேனா யாரிடம் இருந்தது என்ற பழைய கதைக்குப் போக வேண்டும்.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்று யாரும் வற்புறுத்தாததால், தோட்ட எழுத்தரான கிராணியோ கங்காணியோ எழுத்துக்கூட்டத் தெரிந்த யாரோ ஒருவரோ பல இடங்களில் வாத்தியார் ஆனார். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தீர்ப்புச் சொன்னவரும், பிள்ளையின் தகப்பனுக்குப் பேர் போட்டுச் சம்பளம் கணக்கிட்டவரும் ஒரே அலுவலகத்து ஆட்கள். தகப்பன் கேள்வி கேட்கிற இடத்தில் இல்லை. பள்ளி கொடுத்த தேர்ச்சி அறிக்கையில் கைநாட்டு வைப்பதே அவர் பங்கு. அடுத்த தலைமுறையில் கைநாட்டு கையெழுத்தாக மாறியது, பங்கு மாறவில்லை.

பிறகு பொதுத் தேர்வுகள் வந்தன. 1988-இல் தொடங்கிய யூபிஎஸ்ஆர் தோட்டப்புறத் தமிழரின் வாழ்வில் பிடித்த இடத்தைத் தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல்லிப் புரிய வைப்பது கொஞ்சம் கடினம். ஆறாம் ஆண்டு முடிவில் வந்த அந்தத் தேர்வில் மலாய் மொழித் தாள்களில் குறைந்தது "சி" எடுக்காத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நேராகப் படிவம் ஒன்றுக்குப் போக முடியவில்லை, புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது. கூட்டாளிகள் முன்னே போய்விடுவார்கள். அந்த ஓராண்டில் படிப்பை விட்டவர்கள் எந்தத் தோட்டத்திலும் உண்டு. எல்லாப் பாடத்திலும் "ஏ" எடுத்தால் தமிழ்ப் பத்திரிகையில் படம் வரும். முதலில் ஏழு ஏ, 2016-இல் தாள்களின் எண்ணிக்கை கூடியதும் எட்டு ஏ. அம்மா அப்பா இரு பக்கமும் நிற்க, நடுவில் பிள்ளை சான்றிதழோடு நிற்கும் அந்தப் படத்தை வெட்டிச் சாமி மாடத்தின் அருகே ஒட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்ததும், ஊர் ஊராக டியூஷன் வளர்ந்ததும் இந்தத் தேர்வுக் காலத்தின் விளைச்சல்தான். பெற்றோருக்கு அந்த "ஏ" ஒரு பெரிய வசதி. மலாய் தெரியாத ஆயாவும் அதை வாசிக்கலாம்.

2020-இல் நோயால் யூபிஎஸ்ஆர் நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் அப்போதைய கல்வி அமைச்சர் ராட்ஸி ஜிடின் அதை அடியோடு நீக்குவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு மூன்றாம் படிவத் தேர்வான பிடி3-உம் போனது. ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான தேர்வுகள் 2019-லேயே போய்விட்டன. அவற்றின் இடத்தில் வகுப்பறை மதிப்பீடு நின்றது: ஒவ்வொரு திறனுக்கும் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை. நான்காம் ஆண்டு முதல் கல்வித் தவணை இறுதித் தேர்வு ஒன்று பின்னர் திரும்பி வந்தது. "அப்பாடா" என்று மூச்சுவிட்ட பெற்றோர் பலர்.

கொள்கையளவில் நான் இந்த மாற்றத்தின் பக்கம். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையை இரண்டாகப் பிரித்து வைக்கும் தேர்வுக்காக அழ எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் "அடைவுநிலை 4" என்று எழுதிய தாளை வாங்கிக்கொண்டு வரும் அம்மாவிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். ஆறுக்கு நாலா, அப்படியென்றால் அறுபத்தாறு புள்ளியா என்று கணக்குப் போடுவார். அது பங்கு அல்ல, படி. ஒன்றில் நிற்கும் பிள்ளைக்கு விஷயம் லேசாகத் தெரியும், ஆறில் நிற்கும் பிள்ளை பிறருக்கு முன்மாதிரியாகச் செய்துகாட்டும். நடுவிலுள்ள விளக்கங்களில் "சரியாக", "முறையாக", "ஆக்கச் சிந்தனையோடு" போன்ற சொற்கள் வருகின்றன. ஆசிரியருக்கே மயக்கம் தரும் சொற்கள் அவை.

இந்த மக்களுக்குத் தரம் பிரிக்கத் தெரியாது என்று சொன்னால் அது அபாண்டம். மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917-இல் நடந்த தென்னமரம் தோட்டம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பிற்பாடு நாவலுக்காகப் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கிய ஆன்றி ஃபோகோனியே நட்டது. நூறாண்டுச் செம்பனை அனுபவம் இங்கே கைகளில் ஊறியிருக்கிறது. குலை பழுத்ததா என்பதற்குப் புள்ளி கிடையாது. பழம் உதிர்ந்த புதுத் தடம் குறைந்தது பத்து இருந்தால் பழுத்த குலை. பத்துக்குக் குறைந்தால் அரைப்பழம். ஒன்றுகூட உதிரவில்லையென்றால் காய். காயை வெட்டினால் பிடித்தம் உண்டு. மேற்பார்வையாளரான மண்டோர், மில்லில் தரம் பார்ப்பவர், வெட்டுகிறவர் மூவரும் ஒரே குலையைப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் அடையாளம் கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும்தான் என்றாலும், தொழிற்சாலைக்குப் போகும் இன்றைய அப்பாவுக்கும் தன் அப்பாவிடமிருந்து வந்த இந்த அறிவு மறந்துபோகவில்லை. பிள்ளையின் படிப்புக்கும் இப்படி ஓர் அடையாளத்தை யாராவது கையில் கொடுத்திருந்தால் அவர் பார்த்திருப்பார்.

ஒருமுறை கொடுக்கத்தான் செய்தார்கள். 2010-இல் வந்த லீனுஸ் திட்டம் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் பன்னிரண்டு பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்துச் சோதித்தது. எழுத்தைச் சொல்கிறதா, அசையைக் கூட்டுகிறதா, சொல்லை வாசிக்கிறதா, வாக்கியத்தை வாசித்துப் புரிந்துகொள்கிறதா என்று படிப்படியாகப் போகும். "உங்க பையன் ஏழாவதுல நிக்கிறான்" என்றால் எந்த அம்மாவுக்கும் விளங்கும். அந்தத் திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. தாள் வேலையில் ஆசிரியர்கள் நொந்துபோனார்கள். ஆனால் கூறுகளின் பட்டியலை வீட்டுக்குக் கொடுத்திருக்கலாம். நான் அறிந்தவரை பெற்றோர் கண்ணில் பட்டது முடிவு மட்டுமே.

புள்ளி எதை மறைக்கிறது என்று காட்ட ஒரு நோட்டுப் பக்கம் போதும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று பத்துக் கழித்தல் கணக்குப் போட்டிருக்கிறது. ஆறு சரி, நாலு தவறு. அறுபது புள்ளி, சுமார் என்று அம்மா மூடிவைத்துவிடுவார். தவறான கணக்குகளைப் பாருங்கள்: 503-இல் 278 போக 375. 714-இல் 358 போக 444. 640-இல் 325 போக 325. சரியான கணக்குகளைப் பார்த்தால் 867-இல் 523 போக 344, 986-இல் 452 போக 534 என்ற மாதிரி. இதில் கவனக்குறைவு எதுவும் இல்லை. பிள்ளை எல்லா இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது, மேலே இருப்பது எது கீழே இருப்பது எது என்று பார்க்கவில்லை. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கெல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. நாலு தவறில்லை, ஒரே தவறுதான். ஆறு சரியும் அதே தவறான வழியில் வந்த சரி. 1978-இல் அமெரிக்காவில் பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான கழித்தல் விடைகளை ஆராய்ந்து, பிள்ளைகள் கண்டபடி தவறு செய்வதில்லை, தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்று நிறுவினார்கள். இந்தக் கழித்தல் பிழை அவர்கள் பட்டியலில் முன்னால் நிற்பது.

இதைக் கண்டுபிடிக்க மலாயோ ஆங்கிலமோ வேண்டாம். "எப்படிடா தம்பி போட்ட? சொல்லு பாப்போம்" என்று கேட்டால் போதும். "மூணுலேர்ந்து எட்டு போகாதும்மா, அதனால எட்டுலேர்ந்து மூணு எடுத்தேன்" என்று பிள்ளையே சொல்லிவிடும். கைப்பேசியில் கணிப்பான் தட்டி விடையை மட்டும் ஒப்பிடும் அம்மாவுக்கு இது கிடைக்காது. ஆசிரியருக்கும் முப்பது படங்களுக்கு நடுவே கிடைக்காது. வீட்டுக்கு மட்டுமே உள்ள அனுகூலம் இது: ஒரு பிள்ளை, எதிரே ஓர் ஆள், கேட்க ஐந்து நிமிடம்.

எதிர்த் திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. இன்றைய இளம் பெற்றோர் சிலர் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படித்த தலைமுறை; 2003-இல் தொடங்கிப் பிறகு கைவிட்ட கொள்கையின் பிள்ளைகள். சிலர் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள். அவர்கள் கற்ற வழி வேறு, பிள்ளை கற்கும் வழி வேறு. 36-ஐ 25-ஆல் பெருக்கச் சொன்னால் பிள்ளை முப்பதை இருபத்தைந்தால் பெருக்கி 750, ஆறை இருபத்தைந்தால் பெருக்கி 150, கூட்டினால் 900 என்று பக்கவாட்டில் எழுதும். "ஜாலான் கீரா (கணக்குப் போட்ட வழி) எங்கே?" என்று அம்மா குறுக்கே கோடு கிழிப்பார், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவில்லையே! விடையும் சரி, வழியும் சரி, கிடைத்ததோ தவறு. கேள்வி கேட்காமல் பேனா எடுக்கும் எந்தக் கைக்கும் இது நேரும், பயிற்சி பெற்ற கைக்கும்கூட.

பயிற்சி பெற்றவர்கள் திருத்தினால் புள்ளி நிலையாக இருக்கும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதல்ல. 1912-இல் விஸ்கான்சினில் ஸ்டார்ச், எலியட் இருவரும் ஒரே இரண்டு ஆங்கில விடைத்தாள்களை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை புள்ளிகள் வந்தன, இன்னொன்றுக்கு 50 முதல் 97 வரை. கட்டுரைதானே, ரசனை மாறும் என்று சிலர் சொல்ல, மறு ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். இடைவெளி இன்னும் விரிந்தது. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைத் தொடுகிறது. சில பிள்ளைகளுக்குப் புள்ளி மட்டும், சிலருக்கு எழுத்தில் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். கருத்து மட்டும் பெற்றவர்களே அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் புள்ளியைப் பார்த்தார்கள், கருத்து அவர்களுக்கு உதவவில்லை. வீட்டில் அம்மா நூற்றுக்கு இத்தனை என்று போடாமல் விடுவதால் பிள்ளைக்கு இழப்பு ஒன்றும் இல்லை என்று இதிலிருந்து கொள்ளலாம்.

நீண்ட காலமாக வீட்டுக் கல்வி நடத்துகிறவர்கள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறார்கள்? டெக்ஸஸில் 1970-இல் தோன்றிய கிறிஸ்தவப் பாடத்திட்டம் ஒன்று மலேசியாவிலும் சில கற்றல் மையங்களில் நடக்கிறது. அதில் பிள்ளை தானே விடைத் தொகுப்பை எடுத்துத் தன் பயிற்சியைத் திருத்தும், தவறானதை மறுபடி போடும், இறுதிச் சோதனையில் 80 விழுக்காடு எடுத்தால்தான் அடுத்த புத்தகம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் அந்த முறை எனக்கு வறட்சியாகத் தோன்றுகிறது. ஆனால் தவறைத் திருப்பிப் போடாமல் நகர முடியாது என்ற விதி நல்ல விதி. நம் வீடுகளில் திருத்தியதும் நோட்டு மூடிவிடுகிறது. இங்கிலாந்தின் சார்லட் மேசன் நூறாண்டுக்கு முன் புள்ளியே வேண்டாம் என்று விட்டவர்: ஒரு பகுதியை ஒரே தடவை வாசித்துவிட்டுப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுவே தேர்வு.

நம்மிடமும் திண்ணைப் பள்ளியின் ஒப்பித்தல் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. ஒப்பித்தலில் சொல் பிசகக்கூடாது, மேசனின் முறையில் சொல் மாறினால்தான் புரிந்தது என்று அர்த்தம். அசாம் ஜாவாவின் அம்மா மலாய்ப் பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு, "இப்ப தமிழ்ல சொல்லு, என்ன கதை அது?" என்று கேட்டால் இரண்டின் நல்லதும் சேர்ந்துவரும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே இதைக் கேட்கலாம். கதை தொடர்ச்சியாக வருகிறதா, நடுவில் ஓட்டை விழுகிறதா என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

ஒரே வீட்டில் இன்னொரு திருத்துநரும் இருக்கிறார், அவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்தாம் ஆண்டு படிக்கும் அக்கா. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூர் அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுக்கும் நம்மூர் வழக்கத்தைப் பார்த்து வியந்து 1797-இல் லண்டனில் அதை நூலாக்கினார். மெட்ராஸ் முறை என்று அது உலகம் சுற்றியது. பிடிபிஆர் காலத்தில் தோட்டப்புறத்துப் பிள்ளைகளை ஓரளவு காப்பாற்றியதும் இந்த அக்காமார்தான். எங்கே இடறும் என்பது இரண்டு ஆண்டுக்கு முன் இடறி எழுந்தவளுக்குத்தான் நினைவிருக்கும். அவள் சில சமயம் தலையில் குட்டுகிறாள் என்பதும் உண்மை.

இத்தனையும் கணிதத்துக்கும் வாசிப்புக்கும் பொருந்தும். மலாய்க் கட்டுரைக்குப் பொருந்தாது. அங்கே வீடு தோற்கிறது. பள்ளியில் படித்தாலும் தனியார் மாணவராக எழுதினாலும் ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழுக்கு மலாய் மொழியில் தேர்ச்சி கட்டாயம், 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம். வரலாறும் மலாயில்தான். ஒரு கட்டுரையின் வாக்கியம் மலாயாகவே இல்லை, தமிழை மலாய்ச் சொல்லால் எழுதியிருக்கிறது என்பதைப் பிடிக்க மலாயில் ஊறிய காது வேண்டும். பல தோட்டக் குடும்பங்களில் அது இல்லை, அல்லது சந்தை மலாய் மட்டும் இருக்கிறது. பசார் மலாயில் சரளமாகப் பேசும் அப்பா பிள்ளையின் கட்டுரையைச் சரி என்று சொல்வார், தேர்வில் அது விழும். இதற்கு வீட்டில் வழி இல்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும்.

வெளிக்கண்ணுக்கு ஏற்பாடு செய்த இடங்கள் உண்டு. யூபிஎஸ்ஆர் தொடங்கிய அதே 1988-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் வீட்டுக் கல்விக்கென ஒரு சட்டம் இயற்றியது. பெற்றோர் கற்பிக்கலாம், ஆனால் பிள்ளையின் எழுத்து வேலைகளையும் வாசித்த நூல்களின் பட்டியலையும் ஆண்டு முழுதும் ஒரு கோப்பில் சேர்த்துவைக்க வேண்டும். ஆண்டு முடிவில் தகுதி பெற்ற ஒருவர் கோப்பைப் பார்த்து, பிள்ளையுடன் பேசி, முன்னேற்றம் இருக்கிறதா என்று எழுதித் தர வேண்டும். கற்பிப்பவரே இறுதித் தீர்ப்புச் சொல்வதில்லை. தகுதியான ஆளை அமர்த்தப் பெற்றோர் காசு கொடுக்கிறார்கள் என்பது அதன் பலவீனம். கோல சிலாங்கூரில் அது நடக்காது. ஆனால் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவரைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மாதம் ஒருமுறை அழைத்து, பிள்ளை ஒன்றுக்கு ஒரு கட்டுரையை எடுத்து, புள்ளி போடாமல் இரண்டு குறை ஒரு நிறை என்று எழுதித் தரச் சொல்ல முடியும். இருபது பிள்ளைகள் உள்ள சிறு தமிழ்ப்பள்ளியில் ஒரு காலைப்பொழுது வேலை.

கடைசியாக, கட்டாயக் கல்விச் சட்டமே தொடாத பிள்ளைகள். பிறப்புச் சான்றிதழ் பதியாமல் போனதால், பெற்றோரின் திருமணப் பதிவு இல்லாததால், அடையாள ஆவணம் இன்றிப் பள்ளிக்கு வெளியே நின்றுவிட்ட இந்தியப் பிள்ளைகள் சிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் உண்டு. விலக்குக் கடிதம் வாங்காமலே வீட்டுக் கல்வியில் இருப்பவர்கள். அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ கோயில் மண்டபத்து வகுப்போ சொல்லிக்கொடுத்ததை அவர்கள் படிக்கிறார்கள். ஆவணம் கைக்கு வந்து பள்ளியில் சேரும் நாளில் எந்த ஆண்டில் உட்கார வைப்பது என்ற கேள்வி எழும். வயதைப் பார்த்து நான்காம் ஆண்டில் போட்டால் பின்னால் தேங்கிவிடுவார்கள், எழுத்தைப் பார்த்து முதலாம் ஆண்டில் போட்டால் கூச்சத்தில் நின்றுவிடுவார்கள். அந்தப் பிள்ளை என்ன வாசித்தது, எந்தக் கழித்தலில் இடறியது, எப்போது சரியானது என்று தேதி போட்டு யாராவது ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தால் தலைமையாசிரியர் அதைப் பார்த்து முடிவு செய்யலாம். மண்டபத்தில் வகுப்பு நடத்துபவர்கள் இதை இப்போதே தொடங்கலாம், அமைச்சின் அனுமதி எதுவும் தேவையில்லை. இரண்டு ரிங்கிட் நோட்டு ஒன்று, வாரத்துக்கு மூன்று வரி, கூடவே பிள்ளை எழுதிய தாள்களில் மாதத்துக்கு ஒன்று. பென்சில்வேனியாச் சட்டம் கேட்கும் கோப்பில் இருப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான்.